விளக்கடியில் பொருந்திய மெரூன் வெயிலில் பிரிந்தது ஏன்? மாடல் வேலைக்கு உயர் சிஆர்ஐ எல்இடி தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய ரயில் மாடல்களைப் பழுதுபார்த்து வைக்கும் நண்பர் ஒருவர், மெரூன் நிறப் பயணிகள் பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் பெயின்ட் உதிர்ந்த இடத்தை நிரப்பியிருந்தார். கட்டைவிரல் நகம் அளவு இடம்தான். மொத்தப் பூச்சையும் உரித்துவிட்டுப் புதிதாக அடிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. தொழிற்சாலையில் அடித்த பழைய பூச்சில் மிஞ்சியதைக் காப்பாற்றி, போன இடத்தை மட்டும் தொட்டு நிரப்புவார். எனக்கும் அந்த வழிதான் பிடிக்கும். ஆனால் இதில் பழைய நிறமும் புதிய நிறமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் கண் உடனே பிடித்துவிடும்.

இரவில் மேசை விளக்கடியில் சிவப்பு, பழுப்பு, துளிக் கறுப்பு என்று கலந்து கலந்து பார்த்து, நிரப்பிய இடத்தின் ஓரமே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். காய்ந்த பிறகும் பார்த்தார், சரியாகவே இருந்தது. மறுநாள் பகலில் ஜன்னலோரம் எடுத்துப் போனதும் அந்த இடம் திட்டாகத் தெரிந்தது. சுற்றியிருந்த மெரூன் நல்ல சிவப்போடு நிற்க, நிரப்பிய இடம் மட்டும் மங்கிய பழுப்பாக இருந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டது அப்போதுதான். "நல்ல விளக்கு ஒன்று சொல்லுங்க" என்றுதான் கேட்டார். விளக்கைத் தேடுவதற்கு முன் காரணம் விளக்குதானா என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஈரத்தில் ஒரு நிறமும் காய்ந்தபின் ஒரு நிறமும் காட்டும் பெயின்ட்கள் உண்டு. ஒரே கலவையைப் பளபளப்பில்லாத மேட்டாக அடித்தால் ஒரு மாதிரியும், பளபளப்பாக அடித்தால் வேறு மாதிரியும் தெரியும். அதனால் அதே பெட்டியை மறுபடி மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தோம். திட்டு மறைந்துபோனது. ஜன்னலுக்குக் கொண்டுபோனால் மறுபடி தெரிந்தது. பெயின்ட் அப்படியே இருக்க, மேலே விழும் வெளிச்சத்தோடு பொருத்தம் வந்து போகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இது வெளிச்சத்தின் வேலைதான்.

காரணம்: கண்ணுக்குப் போய்ச் சேரும் மூன்று கணக்கு

ஒரு பொருள் என்ன நிறமாகத் தெரியும் என்பதை மூன்று சங்கதிகள் தீர்மானிக்கின்றன. விளக்கில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது, அவற்றில் எதைப் பொருள் திருப்பி அனுப்புகிறது, கண்ணிலுள்ள மூன்று வகைக் கூம்பு செல்கள் அதை எப்படி வாங்கிக்கொள்கின்றன. எவ்வளவு சிக்கலான நிறமாலை வந்தாலும் கண் அதை மூன்று கணக்காகச் சுருக்கித்தான் மூளைக்கு அனுப்புகிறது. ஆகவே முற்றிலும் வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு பெயின்ட்கள், ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழ் அந்த மூன்று கணக்கையும் ஒன்றுபோலக் கொடுத்துவிடலாம். விளக்கு மாறினால் கணக்கும் பிரிந்துவிடும். இதைத்தான் மெட்டாமெரிசம் என்கிறார்கள்.

நண்பரின் கலவையில் பெரும்பங்கு இரும்பு ஆக்சைடு பழுப்பு. அது ஆரஞ்சுப் பகுதியிலிருந்தே மெல்ல மெல்ல ஒளியைத் திருப்பத் தொடங்கும். கரிம நிறமியால் செய்த மெரூன்கள் அப்படியில்லை. அலைநீளம் 600 நானோமீட்டரைத் தாண்டும்வரை, அதாவது சிவப்பு தொடங்கும்வரை, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, அதற்கப்புறம் செங்குத்தாக ஏறும். பழைய பூச்சு நடந்துகொண்டது இந்த இரண்டாம் வகையைப் போல. மேசை விளக்கில் அந்த ஆழ்சிவப்பே குறைவாக இருந்தால் பழைய மெரூன் தன் சிவப்பைக் காட்ட முடியாமல் பழுப்பாக ஒடுங்கும். அந்த ஒடுங்கிய நிறத்துக்குத்தான் அவர் பழுப்பு கலந்து பொருத்தியிருக்கிறார். அந்த விளக்கடியில் அவர் செய்த பொருத்தத்தில் தவறே இல்லை.

விளக்கில் ஆழ்சிவப்பு குறைவு என்பதை எப்படிப் பார்ப்பது? இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம், பழைய டிவிடி ஒன்று போதும். டிவிடியின் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருக்கும். சிடியில் அது 1.6. இடைவெளி குறையக் குறைய ஒளி அகலமாக விரியும் என்பதால் டிவிடிதான் நல்லது. ஓர் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் பிளேடால் முடிபோல் மெல்லிய பிளவு கீறி, எதிர்ப்பக்கத்தில் டிவிடித் துண்டைச் சாய்த்து ஒட்டி, மேலே பார்ப்பதற்கு ஒரு துளை போட்டோம். பிளவை முதலில் மேகம் மூடிய வானத்தின் பக்கம் திருப்பினோம். சூரியனை நேராக இதன் வழியே பார்க்கவே கூடாது. ஊதாவிலிருந்து ஆழ்சிவப்பு வரை இடைவெளியில்லாத பட்டை தெரிந்தது. ஆலஜன் விளக்கில் ஊதாப் பக்கம் மங்கல், சிவப்புப் பக்கம் நீண்டுகொண்டே போனது.

அப்புறம் அந்த மேசை விளக்கு, ஒரு சாதாரண வெள்ளை எல்இடி. பளீரென்ற நீலம், அதை ஒட்டி ஒரு கறுத்த இடைவெளி, பிறகு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. சிவப்பு தொடங்கியதுமே சரிந்து மங்கிவிட்டது. ஆலஜனில் பார்த்த சிவப்பின் நீளத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. இந்த அட்டைப் பெட்டி எதையும் அளந்து சொல்லாது. ஆனால் இரண்டு விளக்குகளை அடுத்தடுத்துப் பார்க்கும்போது எங்கே குறைகிறது என்பதை வெளிப்படையாகக் காட்டிவிடும்.

இது ஏன் இப்படி இருக்கிறது என்றால், சாதாரண வெள்ளை எல்இடிக்குள் வெள்ளையாக ஒளிரும் பொருள் எதுவும் கிடையாது. சுமார் 450 நானோமீட்டரில் ஒளிரும் நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற தூளைப் பூசியிருப்பார்கள். நீலத்தில் ஒரு பங்கு அப்படியே வெளியே வரும். மீதியைப் பாஸ்பர் விழுங்கி, 550 நானோமீட்டரை ஒட்டிய அகலமான மஞ்சளாகத் திருப்பித் தரும். இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளை. 1996-இல் நிச்சியா நிறுவனம் கொண்டுவந்த வெள்ளை எல்இடியின் அமைப்பு இதுதான். இன்றைய பெரும்பாலான விளக்குகளுக்கும் இதுவே அடித்தளம். டிவிடியில் நாங்கள் பார்த்த கறுத்த இடைவெளி, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே 480 நானோமீட்டர் பக்கம் விழும் பள்ளம்.

பெட்டியில் அச்சிட்ட எண்

மேசை விளக்கின் பெட்டியில் "சிஆர்ஐ 80-க்கு மேல், 6500 கெல்வின்" என்று போட்டிருந்தது. சிஆர்ஐ என்பது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண். கெல்வினில் சொல்வது நிற வெப்பநிலை, குறைந்தால் வெள்ளை மஞ்சள் பக்கம் சாயும், கூடினால் நீலப் பக்கம். 80 என்பது நூற்றுக்கு 80 மதிப்பெண் போலத் தோன்றுவதால் பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அந்தத் திருப்தி போய்விடும்.

சர்வதேச ஒளியூட்ட ஆணையமான சிஐஇ இந்த முறையை 1965-இல் வெளியிட்டது, 1974-இல் திருத்தியது. சோதிக்கும் விளக்கின் கீழும், அதே நிற வெப்பநிலையுள்ள ஒரு மேற்கோள் ஒளியின் கீழும் குறிப்பிட்ட நிற மாதிரிகள் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். 5000 கெல்வினுக்குக் கீழே இருந்தால் மேற்கோள் ஒளி சூடேறிய கரும்பொருளின் ஒளி, அதாவது இழை விளக்கைப் போலச் சூட்டால் மட்டுமே வரும் ஒளி. அதற்கு மேலே பகலொளி. ஒவ்வொரு மாதிரிக்கும் 100-லிருந்து, நிற வித்தியாசத்தின் 4.6 மடங்கைக் கழித்தால் அதன் எண் வரும். பொதுவாக அச்சிடும் சிஆர்ஐ, அதாவது ஆர்ஏ, முதல் 8 மாதிரிகளின் சராசரி.

அந்த எட்டும் வெளிறிய, மிதமான நிறங்கள். சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, மங்கிய மஞ்சள், இளநீலம் என்ற ரகம். அடர்சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அது ஒன்பதாவது மாதிரி, ஆர்9. அடர் மஞ்சள், பச்சை, நீலம் ஆகியவை 10, 11, 12. இவை சராசரியில் சேருவதில்லை என்பதால், ஆழ்சிவப்பு மிகக் குறைந்த விளக்கும் 80-ஐத் தொட்டுவிடும். 80 சிஆர்ஐ எல்இடிகளில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியே இருப்பது சாதாரணம், அதற்குக் கீழே எதிர்மறையில் போவதும் உண்டு. 100-லிருந்து கழிக்கும் கணக்கு என்பதால் எதிர்மறைக்குத் தடையில்லை. 90 சிஆர்ஐ என்று விற்கும் விளக்கில் ஆர்9 பெரும்பாலும் 50 பக்கம் நிற்கும். 95-ஐத் தாண்டினால்தான் ஆர்9-ம் 80, 90 என்று ஏறத் தொடங்கும்.

உற்பத்தியாளர்கள் சிவப்பை ஏன் குறைக்கிறார்கள் என்பதற்கு நேர்மையான பொறியியல் காரணம் இருக்கிறது. லூமன் என்பது கண்ணின் உணர்திறனை வைத்து எடை போட்ட அளவு. 555 நானோமீட்டர் பச்சைக்கு எடை 1 என்றால், 650 நானோமீட்டர் சிவப்புக்கு 0.107 மட்டும். அதாவது ஆழ்சிவப்பில் செலவிடும் சக்தி லூமன் கணக்கில் பத்தில் ஒரு பங்காகத்தான் வரவாகும். போதாக்குறைக்கு, 450 நீலத்தை 650 சிவப்பாக மாற்றும்போது ஒவ்வொரு ஃபோட்டானிலும் சுமார் 31 சதவீத ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். 550-க்கு மாற்றினால் இழப்பு சுமார் 18 சதவீதம்தான். வாட்டுக்கு எத்தனை லூமன் என்று போட்டி நடக்கும் சந்தையில் முதலில் வெட்டுப்படுவது சிவப்பாக இருப்பதில் ஆச்சரியமில்லை. நடைபாதைக்கும் மாடிப்படிக்கும் அந்த விளக்குகள் தாராளமாகப் போதும். நிறம் பொருத்தும் மேசைக்குப் போதாது.

என் கருத்து இதுதான்: விளக்கைத் தேடும் முன் வேலையில் புழங்கும் நிறங்களைப் பட்டியல் போட வேண்டும். நண்பரின் அலமாரியில் மெரூன், செங்கல் சிவப்பு, துரு, தோல் பழுப்பு என்று முக்கால்வாசியும் சிவப்புக் குடும்பம். அவருக்கு ஆர்9 தெரியாத விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான். கருநீலமும் ஊதாவுமாகத் தைக்கும் ஒருவருக்கு இதே கேள்வி ஆர்12-ஐ நோக்கித் திரும்பும். எலக்ட்ரானிக்ஸ் பலகை சால்டர் செய்பவருக்கு, ரெசிஸ்டரின் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சுப் பட்டைகள் குழம்பாமல் இருக்க ஆர்9 50 இருந்தால் போதும், மீதிக் காசை நல்ல உருப்பெருக்கிக்குப் போடலாம்.

என்னென்ன வழிகள் இருந்தன

ஆலஜன் முதலில் மேசைக்கு வந்தது. கரும்பொருளின் ஒளியை ஒட்டியது என்பதால் அதன் சிஆர்ஐ கிட்டத்தட்ட 100. சிவப்புக்குக் குறையே இல்லை. ஆனால் 3000 கெல்வினுக்கும் கீழே நிற்கும் அந்த ஒளியில் நீலம் மிகக் குறைவு. கருநீலத்தையும் கறுப்பையும் பக்கத்தில் வைத்தால் பிரித்துச் சொல்வது கடினம். சிஆர்ஐ ஒப்பிடுவது அதே நிற வெப்பநிலையுள்ள மேற்கோளோடு, பகலோடு அல்ல. அதனால்தான் 100 வாங்கிய விளக்கும் இந்த வேலைக்குத் தோற்றது. சூடு வேறு. முகத்துக்கு அருகில் ஆலஜனை வைத்து மணிக்கணக்கில் உட்கார முடியாது, பெயின்டும் தூரிகையிலேயே காய்ந்துவிடும்.

அடுத்தது 95-க்கு மேல் சிஆர்ஐ உள்ள நீலச் சில்லு எல்இடி. இவற்றில் மஞ்சளோடு பச்சைப் பாஸ்பரும், 620-லிருந்து 650 நானோமீட்டர் வரை ஒளிரும் நைட்ரைடு சிவப்புப் பாஸ்பரும் கலந்திருக்கும். சில விளக்குகளில் நைட்ரைடுக்குப் பதிலாகக் கேஎஸ்எஃப் என்ற ஃப்ளூரைடு பாஸ்பர் இருக்கும். அதன் சிவப்பு 631 நானோமீட்டரை ஒட்டி ஊசி ஊசியாக வரும். லூமன் இழப்பு குறைவு, ஆர்9 எண்ணும் நன்றாக வரும். ஆனால் ஊசிகளுக்கு இடையிலும் அதற்கு அப்பாலும் ஒளி குறைவு. கோபால்ட் நீலம் போன்ற நிறமிகள் ஆழ்சிவப்பில் மறுபடி ஒளியைத் திருப்பத் தொடங்குகிறவை. நிறமி கலக்கும் வேலைக்கு நான் அகலமான சிவப்புள்ளதையே விரும்புவேன்.

மூன்றாவது, ஊதாச் சில்லு எல்இடி. நீலத்துக்குப் பதிலாக 405-லிருந்து 420 நானோமீட்டர் ஊதாவில் ஒளிரும் சில்லு வைத்து, நீலம், பச்சை, சிவப்பு மூன்றையும் பாஸ்பரிலிருந்தே எடுப்பார்கள். சியோல் செமிகண்டக்டரின் சன்லைக் இந்த வகை. 480 பள்ளம் பெருமளவு நிரம்பிவிடும், ஆர்12-ம் உயரும். நீலச் சில்லு வகையில் ஆர்ஏ 95-ஐத் தாண்டினாலும் ஆர்12 அதைவிடக் குறைவாக நிற்பதைப் தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்களான டேட்டாஷீட்கள் பலவற்றில் பார்க்கலாம். இன்னொரு சிறப்பும் உண்டு. வெள்ளைத் தாளிலும் துணியிலும் சேர்க்கும் ஒளிர்வூட்டிகள் புற ஊதாவையும் ஊதாவையும் உறிஞ்சி நீலமாக ஒளிர்பவை. நீலச் சில்லு விளக்கில் அவற்றைத் தூண்டும் அலைநீளமே இல்லாததால், பகலில் பளிச்சென்ற வெள்ளை மங்கிய பழுப்பு வெள்ளையாகத் தெரியும். காகித மாடல் செய்பவர்களும் வெண்துணியில் வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நண்பரின் வேலையில் வெள்ளையும் ஊதாவும் அபூர்வம். அதனால் இரண்டாம் வகையில் நல்லதைத் தேடுவது என்று முடிவு செய்தோம். நிற வெப்பநிலை 5000 கெல்வின். அச்சுத் துறையினர் நிறம் பார்க்கும் ஒளிக்கான ஐஎஸ்ஓ 3664 தரநிலை, 5000 கெல்வினை ஒட்டிய டி50 ஒளியை அடிப்படையாக வைக்கிறது. ஆர்ஏ குறைந்தது 90 வேண்டும், எட்டு மாதிரிகளில் ஒன்றும் 80-க்குக் கீழே போகக் கூடாது, நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) என்று அது கேட்கிறது. 6500-உம் பகலொளிதான், தவறில்லை. ஆனால் இரவில் நெடுநேரம் உட்கார்ந்தால் 5000 கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

டேட்டாஷீட் கிடைத்தால் நான் சிஆர்ஐயைவிட முதலில் தேடுவது டிஎம்-30 பக்கத்தை. அமெரிக்க ஒளியூட்டப் பொறியியல் சங்கம் 2015-இல் வெளியிட்ட இந்த முறை 8 மாதிரிகளுக்குப் பதில் 99 மாதிரிகளைப் பயன்படுத்துகிறது. ஆர்எஃப் என்ற எண் எவ்வளவு துல்லியம் என்று சொல்லும். ஆர்ஜி என்ற எண் நிறங்கள் மொத்தத்தில் மங்குகின்றனவா, தூக்கலாகத் தெரிகின்றனவா என்று சொல்லும். 100-க்குக் கீழே மங்கல், மேலே தூக்கல். கூடவே ஒரு வட்டப் படமும் வரும். எந்த நிறத்தில் உள்ளே அமுங்குகிறது, எதில் வெளியே பிதுங்குகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். பொருத்தும் வேலைக்கு ஆர்எஃப் 90-க்கு மேலும் ஆர்ஜி 100-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இறைச்சியையும் பூவையும் அழகாகக் காட்டும் விளக்குகளில் சிவப்பை வேண்டுமென்றே தூக்கியிருப்பார்கள். அது இந்த மேசைக்கு ஆகாது.

கூடவே டியுவி என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். அது நேர்மறையில் அதிகமாக இருந்தால் வெள்ளை பச்சை சாயும், எதிர்மறையில் இளஞ்சிவப்பு சாயும். சிஆர்ஐ நன்றாக இருந்தும் முகம் நோயாளிபோலத் தெரியும் விளக்குகளில் பாதிக்குக் காரணம் இந்தப் பச்சைச் சாய்வுதான் என்பது என் அனுபவம்.

மாதிரி வாங்கிப் பார்த்தது

இரண்டு இடங்களிலிருந்து ஒரு மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் மாதிரி வரவழைத்தோம். இரண்டிலும் சிஆர்ஐ 95 என்றே எழுதியிருந்தது. ஆர்9 எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு விற்பனையாளர் சோதனை அறிக்கையையே அனுப்பினார். நிறமாலை வரைபடம், ஆர்1-லிருந்து ஆர்15 வரை எல்லாம் அதில் இருந்தன, ஆர்9 80-க்கு மேல். இன்னொருவரிடமிருந்து "ஹை சிஆர்ஐதான் சார்" என்ற பதிலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இரண்டையும் எரியவிட்டு முதலில் செய்தது உள்ளங்கையைக் காட்டியதுதான். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு 600 நானோமீட்டருக்கு மேலேதான் வலுவாகத் திரும்பி வருகிறது. அறிக்கை வந்த ஸ்ட்ரிப்பின் கீழ் விரல் நுனிகளும் உள்ளங்கை மேடுகளும் ஜன்னலோரத்தில் போலவே செம்மையாக இருந்தன, ரேகைகளுக்கு நடுவே வெளிறிய இடமும் தனியாகத் தெரிந்தது. மற்றதன் கீழ் கை முழுவதும் ஒரே மாவு பூசினதுபோல் மஞ்சளித்தது. டிவிடிப் பெட்டியிலும் அதையே பார்த்தோம், சிவப்பு பாதியில் நின்றுவிட்டது. அறிக்கை தர மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசிச் சோதனை அந்த மெரூன் ரயில் பெட்டிதான். நல்ல ஸ்ட்ரிப்பின் கீழ் வைத்ததும் திட்டு பளிச்சென்று தெரிந்தது, ஜன்னலோரத்தில் தெரிந்ததற்குக் கிட்டத்தட்ட சமமாக. எங்களுக்கு வேண்டியது அதுதான். பகலில் தெரியப்போகும் குறையை இரவிலேயே காட்டும் விளக்கு.

மேசையில் பொருத்தியது

மேசை 90 சென்டிமீட்டருக்கு 60, பரப்பு 0.54 சதுர மீட்டர். 1500-லிருந்து 2000 லக்ஸ் வரை குறி வைத்தோம். தேர்ந்தெடுத்த ஸ்ட்ரிப் 24 வோல்ட், மீட்டருக்கு 120 எல்இடி, 14.4 வாட். உயர் சிஆர்ஐ வகையில் வாட்டுக்கு 80-லிருந்து 90 லூமன் என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்குச் சுமார் 1200 லூமன். 90 சென்டிமீட்டரில் இரண்டு வரிசை போட்டால் 2160 லூமன். ஒளியைப் பரப்பும் பால்வெள்ளை டிஃப்யூசர் மூடி கால் பங்கு எடுத்துக்கொண்டால் 1600 மிஞ்சும். அதில் 60 சதவீதம் மேசையில் விழுந்தால் 960. பரப்பால் வகுத்தால் சுமார் 1780 லக்ஸ். இந்தக் கணக்கு முன்பின்னாக இருந்தாலும், ஒரு வரிசை போதாது, மூன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 80 சிஆர்ஐ ஸ்ட்ரிப் இதே வாட்டில் இன்னும் கூடுதல் வெளிச்சம் தரும். அதை விட்டுக்கொடுப்பதுதான் நிறத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

24 வோல்ட் எடுத்ததற்குக் காரணம் மின்னோட்டம். மொத்தம் 26 வாட், 24 வோல்ட்டில் 1.1 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 12 வோல்ட்டில் அதன் இரட்டிப்பு ஓடும், ஒரே ஒயரில் வெப்ப இழப்பு நான்கு மடங்கு. இவ்வளவு சின்ன நீளத்துக்கு எதுவும் ஓடும் என்றாலும், பிற்பாடு நீட்டினால் கோடியிலுள்ள எல்இடிகள் மங்காமல் இருக்கும். மின்வழங்கி 40 வாட். தேவையைவிடக் கால் பங்காவது கூடுதலாக இருந்தால் அது சூடாகாமல் ஓடும். ஸ்ட்ரிப்பை மரத்தில் நேரடியாக ஒட்டாமல் அலுமினிய சேனலில் ஒட்டினோம். சூடேறினால் எல்இடியின் ஆயுளும் குறையும், பாஸ்பரின் நிறமும் நகரும்.

வைத்த இடம்தான் பலரும் அலட்சியம் செய்வது. தலைக்கு நேர்மேலே வைத்தால் பளபளப்பான பூச்சில் விளக்கு கண்ணாடிபோல் பிரதிபலித்து, நிறத்தின்மேல் வெண்படலம் போர்த்திவிடும். பொருளை நேராகப் பார்க்கும்போது ஒளி 45 பாகையில் விழ வேண்டும் என்பது நிறம் அளப்பவர்களின் பழைய வழக்கம். இரண்டு வரிசைகளையும் மேசையின் இடமும் வலமும் உயர்த்திச் சாய்த்து மாட்டினோம். கையின் நிழலும் குறைந்தது.

ஒரு விஷயம் எனக்கே புதுசாகப் பட்டது. மேசை முழுக்கப் பச்சை நிற வெட்டுப்பாய் விரித்திருந்தார். 1700 லக்ஸ் வெளிச்சம் அதில் பட்டு எழும்பி, பெட்டியின் கீழ்ப்பாதியைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தது. ஒரு சாம்பல் அட்டையை மேலே விரித்ததும் மெரூனின் கீழ்ப்பக்கம் தெளிந்தது. ஆர்9-க்காக இவ்வளவு அலைந்துவிட்டு அதைப் பச்சைப் பாயில் தொலைப்பது அநியாயம். நிறம் பொருத்தும்போது சாம்பல் அட்டை, வெட்டும்போது பச்சைப் பாய் என்று வைத்துக்கொண்டார். அறையின் மஞ்சள் விளக்கையும் அப்போது அணைத்துவிடுகிறார்.

டிம்மர் வைக்கவில்லை. மலிவான டிம்மர்கள் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும், நுண்தூரிகை வேலையில் கண் சீக்கிரம் களைத்துவிடும். வைத்தே ஆக வேண்டுமானால் விளக்கடியில் பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தொடர்ச்சியான மங்கலாகத் தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்த டிம்மர் வேண்டாம்.

விளைவும், விளக்கால் தீராததும்

திட்டைச் சுரண்டிவிட்டுப் புதிய கலவை செய்தார். இம்முறை பழுப்பைக் குறைத்து, குவினாக்ரிடோன் சிவப்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டார். புதிய விளக்கில் பொருத்தியது ஜன்னலோரத்திலும் பொருந்தி நின்றது. மேகமூட்டமான நாளிலும் நல்ல வெயிலிலும் பார்த்தோம், ஓரம் தெரியவில்லை.

ஆனால் அதே பெட்டியை அலமாரியில் வைத்து, அங்கிருக்கும் 3000 கெல்வின் விளக்கைப் போட்டால் மெல்லிய ஒரு வித்தியாசம் இன்னும் தெரிகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. உயர் சிஆர்ஐ விளக்கு மெட்டாமெரிசத்தைப் போக்காது. பகலில் எப்படித் தெரியுமோ அப்படி முன்கூட்டியே காட்டும், அவ்வளவுதான். எல்லா வெளிச்சத்திலும் பொருந்த வேண்டுமென்றால் பழைய பூச்சிலிருந்த அதே நிறமியைக் கொண்டு கலக்க வேண்டும். அது பழைய மாடல்களில் எப்போதும் கைகூடாது. எனவே வேலை முடிந்த பொருள் எந்த வெளிச்சத்தில் நிற்கப்போகிறது என்று முதலிலேயே கேட்டு, மேசையில் பொருத்தியபின் அந்த வெளிச்சத்திலும் ஒருமுறை வைத்துப் பார்த்து, தேவையானால் இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொள்வதுதான் நடைமுறை.

அலமாரி விளக்கும் 80 சிஆர்ஐதான், அதை மாற்றுவது அடுத்த வேலை. அங்கே ஊதாச் சில்லு வகையை நான் பரிந்துரைக்கவில்லை. அலைநீளம் குறையக் குறைய ஒளி நிறமிகளை வெளுக்க வைப்பது கூடும். பல வருஷம் ஒரே இடத்தில் நிற்கப்போகும் பழைய பூச்சுக்கு 410-ஐவிட 450 பாதுகாப்பு. 3000 கெல்வின், ஆர்9 80-க்கு மேல், நீலச் சில்லு என்று சொல்லியிருக்கிறேன். வெளிச்சமும் அங்கே மேசையைப் போல் வேண்டாம். வெளுக்கக்கூடிய பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸை வழக்கமான வரம்பாக வைக்கின்றன. மாடல் பெயின்ட் அவ்வளவு மென்மையானதில்லை என்பதால் 150 லக்ஸுக்குள் வைத்து, ஆள் பார்க்கும்போது மட்டும் எரியும்படி டைமர் ஸ்விட்ச் போட்டுக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.